காட்டூர் கடையில் ஒரு பில் தயாராகிறது

கோவை காட்டூரில் அந்தக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இருபதடி பிவிசி பைப் கட்டுகள் வாசலைத் தாண்டித் தெருவுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஃபுட் வால்வு, பால் வால்வு, எல்போ, டீ என்று அட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. பில் போடும் மேஜையின் ஓரத்தில், ஸ்டேப்ளருக்கும் டீ கிளாஸுக்கும் நடுவே ஒரு லேப்டாப். அதன் முன்னால்தான் நான் பார்க்கப் போன தம்பி உட்கார்ந்திருந்தார். இந்தக் கடையின் இன்வாய்ஸை பிடிஎஃப்பாகத் தயாரிக்கும் புரோகிராமை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடையில் ஏற்கெனவே ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது. அப்புறம் இது எதற்கு என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நம்ம பார்ட்டிங்க பாதிப்பேரு பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து விவசாயிங்க. இங்கிலீஷ்ல பில்லு போனா, ராத்திரி போன் வருதுங்க, மூணாவது அயிட்டம் என்னன்னு. தமிழ்ல போட்டுட்டா அவங்களே பாத்துக்குவாங்க. அதான் நம்ம கண்ணுகிட்டச் சொல்லியிருக்கேன்."

கண்ணு என்றது அந்தத் தம்பியை. கண்ணு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "மொதல்ல இருந்தே காட்டறேங்ணா."

ஆரம்பம் நாலே வரி. ஜேஎஸ்பிடிஎஃப் என்ற லைப்ரரியைக் கூப்பிடுகிறார். புது ஆவணம் ஒன்றை உண்டாக்குகிறார். இடமிருந்து 20 மில்லிமீட்டர், மேலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளிக் கடையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார். சேமிக்கிறார். உடனே டவுன்லோடு ஃபோல்டரில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. சர்வர் வேண்டாம், இணையம்கூட வேண்டாம்; வேலை முழுக்க பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிட்டது.

அந்தக் கோப்பை வழக்கமான ரீடரில் திறக்காமல் நோட்பேடில் திறந்து காட்டினார். முதல் வரியில் ஒரு சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற எழுத்துகள், 1.3 என்ற பதிப்பு எண். கடைசி வரியில் இரண்டு சதவீதக் குறிகளும் கோப்பு முடிந்தது என்பதற்கான மூன்று எழுத்துகளும். நடுவில் கடையின் பெயர் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. அதற்கு முன்னால் 56.69, 785.20 என்று இரண்டு எண்கள். நாம் கொடுத்தது 20, 20 அல்லவா?

பிடிஎஃப்புக்கு மில்லிமீட்டர் தெரியாது. ஓர் அங்குலத்தை 72 பங்காக்கிய பாயின்ட்தான் அதன் அளவு. 20 மில்லிமீட்டர் என்றால் 56.69 பாயின்ட். தவிர, அது தாளைக் கீழ் இடது மூலையிலிருந்து எண்ணுகிறது. ஏ4 தாளின் உயரமான 841.89-இல் 56.69 போனால் மீதி 785.20. லைப்ரரி இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கழித்தலை நாமே போட வேண்டும். கோப்பின் வாலில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது: உள்ளே இருக்கும் ஒவ்வொரு பகுதியும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற கணக்கு. அதையும் லைப்ரரியே எழுதிவிடுகிறது.

பில்லுக்கு அட்டவணை வேண்டுமே? பிடிஎஃப்பில் எழுத்தை வைக்கலாம், கோடு போடலாம், படம் ஒட்டலாம். அட்டவணை போடு என்று ஒரு கட்டளை கிடையாது. கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, எந்த எழுத்து எந்தக் கட்டத்துக்குள் என்று கணக்குப் பார்த்துத்தான் அதை உண்டாக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட ஆட்டோடேபிள் என்று ஒரு துணை லைப்ரரி இருக்கிறது. சரக்குப் பட்டியலை அப்படியே கொடுத்தால் போதும்.

பட்டியலைக் கொடுத்தார். பில் வந்தது. விலைக் கட்டத்தைப் பார்த்த முதலாளி எழுந்தே வந்துவிட்டார். ₹500 இருக்க வேண்டிய இடத்தில் ¹500 இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறு.

"இதென்ன கண்ணு, வெலையேத்திப் போட்டுருக்குது?"

கண்ணு சிரித்துக்கொண்டே விளக்கினார். பிடிஎஃப் 1993-இல் வெளிவந்தபோதே 14 எழுத்துருக்கள் அதற்கென்று ஒதுக்கப்பட்டன. ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர் ஆகிய மூன்றின் சாதா, தடித்த, சாய்ந்த, தடித்துச் சாய்ந்த வகைகள் சேர்ந்து பன்னிரண்டு. சிம்பல், ஸாப்ஃப் டிங்பேட்ஸ் என்று குறிகளுக்கு இரண்டு. நாம் எழுத்துரு எதையும் சொல்லாவிட்டால் லைப்ரரி ஹெல்வெட்டிகாவை எடுத்துக்கொள்கிறது. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். 256 இடங்களுக்கு மேல் கிடையாது. ரூபாய்க் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றதோ 2010 ஜூலை 15-இல். அதை வடிவமைத்த டி. உதயகுமார் நம் தமிழ்நாட்டுக்காரர். அந்த ஆண்டே யூனிகோடிலும் குறி ஏறியது. பதினாறு அடிமான முறையில் அதன் எண் 20பி9. இரண்டு பைட் எண்ணை ஒரு பைட் எழுத்துருவிடம் கொடுத்தால் அது இரண்டாகப் பிய்த்துத்தான் படிக்கும். 20 என்றால் இடைவெளி. பி9 என்றால் தலைக்கு மேல் எழுதும் குட்டி ஒன்று. அதுதான் அந்த ¹.

பல பில்களில் இந்தக் குட்டி ஒன்றைக் காணலாம். மருந்து ரெண்டு வகை. ரூபாய்க் குறியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிவிடலாம். இல்லாவிட்டால், குறி உள்ள ஓர் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். கண்ணு இரண்டாவதைச் செய்தார். தமிழுக்கும் எப்படியும் எழுத்துரு வேண்டும் என்பதால் நோட்டோ சான்ஸ் தமிழையும் சேர்த்து ஏற்றினார்.

தமிழில் பில் வந்தது. முதல் வரியில் பைப் என்று இருக்க வேண்டும். ப தனியாக நிற்க, அதன் ஐகாரக் குறி அடுத்த ப்-இன் முன்னால் போய் ஒட்டிக்கொண்டு, கடையின் முதல் சரக்கே வாயில் நுழையாத ஒன்றாகிவிட்டது. வாடிக்கையாளர் ஊரான செட்டிபாளையத்தில் ச மொட்டையாக நிற்கிறது, அதன் கொம்பு ட்-க்குப் போய்விட்டது. பாளையம், பாளயைம் என்று ஏதோ ஆகிவிட்டது. 'டி'யின் சுழி தனியாகவும் 'ட' தனியாகவும் நிற்கின்றன. எழுத்துரு சரிதான், எழுத்துகளும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. கூட்டித்தான் படிக்க முடியவில்லை.

காரணம் லேசானது, வேலைதான் பெரிது. யூனிகோடில் செ என்பது ச முதலில், கொம்பு பின்னால் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும், கு, மு, டி போன்றவற்றுக்குத் தனி வடிவத்தைத் தேடி வைக்க வேண்டும், கொ என்றால் குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் நிறுத்த வேண்டும். பழைய அச்சகத்தில் அச்சுக் கோப்பவரின் கை செய்த வேலை இது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் இதற்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. ஜேஎஸ்பிடிஎஃப்பில் அப்படி யாரும் இல்லை. எண்ணைப் பார்த்து எழுத்தை எடுத்து வரிசையாக வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆங்கிலத்துக்கு அது போதும்.

இங்கே ஒரு வேடிக்கை. யூனிகோடு வருவதற்கு முன் நம்மவர்கள் பயன்படுத்திய பாமினி மாதிரியான எழுத்துருக்களை இதே லைப்ரரியில் போட்டால் தமிழ் ஒழுங்காக வந்துவிடும்! அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்யப்படுகின்றன. மாற்றி அடுக்க ஒன்றுமில்லை. அதனால் இன்றைக்கும் அந்த வழியில் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பில்லிலிருந்து ஒரு பெயரை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். தேடினாலும் கிடைக்காது. இந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போவது வேண்டாத வேலை.

இன்னொரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. பில்லை வலைப்பக்கமாகத் திரையில் வரைந்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தை பிடிஎஃப்பில் ஒட்டிவிடுவது. தமிழ் கச்சிதமாகத் தெரியும். பெரிதாக்கினால் மங்கும், கோப்பு கனக்கும், ஜிஎஸ்டி எண்ணைக்கூட நகலெடுக்க முடியாது. ஆடிட்டர் ஆபீஸில் அந்தப் பதினைந்து எழுத்தைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யப்போகும் பிள்ளையை நினைத்தால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கண்ணு கடைசியில் போய் நின்றது பப்பட்டியரில். கூகுளின் குரோம் குழு 2017-இல் வெளியிட்ட லைப்ரரி. திரையில் ஜன்னல் எதையும் திறக்காமல் பின்னணியில் ஒரு குரோமை ஓடவிட்டு, ஜாவாஸ்கிரிப்டால் அதை ஆட்டுவிக்கலாம். பில்லை எச்டிஎம்எல்லில் எழுதி, ஏ4 அளவில் பிடிஎஃப்பாக்கு என்று ஒரே கட்டளை. எழுத்துகளை அடுக்கும் வேலை குரோமுக்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் தலையில். பைப் பைப்பாகவே வந்தது. செட்டிபாளையத்துக்கும் கொம்பு திரும்பக் கிடைத்தது.

இதற்கு விலை உண்டு. நூறு எம்பிக்கு மேலான ஒரு குரோமைக் கூடவே சுமக்க வேண்டும்; பிரவுசருக்குள்ளேயே முடிந்த வேலை இப்போது சர்வருக்குப் போகிறது. அங்கே இன்னொன்று காத்திருந்தது. இந்த லேப்டாப்பில் விண்டோஸ் இருப்பதால் தமிழ் எழுத்துரு அதோடு வந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. அங்கிருந்து வந்த பில்லைக் கண்ணு காட்டினார்: எண்கள் பளிச்சென்று இருக்கின்றன, தமிழ் இருந்த இடமெல்லாம் வரிசையாக வெற்றுச் சதுரங்கள். இப்போது எழுத்துருக் கோப்பைப் பில்லின் எச்டிஎம்எல்லோடு சேர்த்தே அனுப்புகிறார். எந்தச் சர்வருக்கு மாற்றினாலும் கவலையில்லை.

அடுத்தது காசு. இதில்தான் முதலாளிக்கு அக்கறை. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். 1.005-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கச் சொன்னால் 1.01 வராது, 1.00 வரும். தசமத்தை இரும எண்ணாக வைப்பதால் வரும் கோளாறு இது. மொழியைத் திட்டிப் பயனில்லை. கண்ணு ரூபாயே வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டு, அச்சிடும் இடத்தில்தான் ரூபாயாக மாற்றுகிறார். அங்கேயும் இந்திய வழக்கம் என்று சொல்லிவிட்டால் 125340 என்பதை 1,25,340 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வைத்துத் தருவதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே வசதி இருக்கிறது.

முழு எண்ணாக வைத்தாலும் ஒரு பைசா உதைக்கும். வரி சேர்க்காமல் 10.05 ரூபாய் விலையில் மூன்று சின்ன அயிட்டங்கள் என்று வையுங்கள். பிவிசி பைப், ஃபிட்டிங்ஸுக்கு எச்எஸ்என் என்ற சரக்குக் குறியீடு 3917, வரி 18 சதவீதம். உள்ளூர் விற்பனையில் மத்திய வரி 9, மாநில வரி 9. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் 9 சதவீதம் 0.9045, அதாவது 90 பைசா, மூன்றுக்கும் 2.70. மொத்தமாக 30.15-க்குப் போட்டால் 2.7135, அதாவது 2.71. பில்லின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரு பைசா சண்டை போடும். எந்த முறையை எடுத்துக்கொள்வது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். பில்லில் ஒரு முறை, ரிட்டர்ன் தாக்கலில் ஒரு முறை என்று இருந்தால் மாதக் கடைசியில் தலைவலி.

பில் நம்பர் பற்றிப் பேச்சு வந்தது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46-ஆவது விதி இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் ஒரு நம்பர் ஒரு தடவைதான். கடையில் பில் போடுகிறவர்கள் இரண்டு பேர். பிடிஎஃப் தயாராகும்போது அந்தந்த பிரவுசரே நம்பரைப் போட்டுக்கொண்டால், இருவரும் ஒரே நொடியில் தட்டும்போது ஒரே நம்பரில் இரண்டு பில் கிளம்பிவிடும். அதனால் விற்பனையைச் சேமிக்கும் நேரத்தில் டேட்டாபேஸ்தான் நம்பர் கொடுக்கிறது. பிடிஎஃப் அதை வாங்கி அச்சிடுவதோடு சரி. தயாரான பில்லை அப்படியே எடுத்தும் வைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய பில்லைக் கேட்டால், அன்றைய விலையில் அன்று கொடுத்த அதே தாள் வர வேண்டும். இன்றைய விலைப்பட்டியலை வைத்துப் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தால் அது வேறு பில்.

பாலக்காட்டிலிருந்தும் இவர்களுக்கு ஆர்டர் வரும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. சரக்கு வாளையாறைத் தாண்டி அங்கே போய் இறங்கினால் ஒன்பதும் ஒன்பதும் போய், பதினெட்டும் ஒரே ஐஜிஎஸ்டி கட்டத்துக்கு வர வேண்டும். பதிவில்லாத விவசாயிக்கு இந்த எண்ணே கிடையாது; அவருக்கு விலாசத்தில் உள்ள மாநிலத்தைப் பார்க்கிறது புரோகிராம். எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் நம்பி எழுதியிருந்தால் சில்லறை பில் எல்லாம் தடுமாறியிருக்கும். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் இருந்தால் இ-இன்வாய்ஸ் வேறு உண்டு. அரசு போர்ட்டல் தரும் 64 எழுத்து எண் அடங்கிய கியூஆர் குறி பில்லில் ஏற வேண்டும். இந்தக் கடை அந்த அளவுக்கு இல்லை என்பதால் கண்ணு தப்பித்தார்.

நாற்பது அயிட்டம் உள்ள பில்லைப் போடச் சொன்னேன். இரண்டாம் பக்கத்திலும் தலைப்பு வரி திரும்ப வந்தது. எச்டிஎம்எல் அட்டவணையில் தலைப்பைத் தலைப்பென்று சொல்லியிருந்தால் குரோம் அதைத் தானே செய்கிறது. கூட்டுத்தொகைக் கட்டம் மட்டும் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வெட்டுப்பட்டது. அதை உடைக்காதே என்று ஸ்டைலில் ஒரு வரி சேர்த்ததும் முழுசாக அடுத்த பக்கத்துக்குப் போனது. பக்க எண்ணைத்தான் ரொம்ப நேரம் காணவில்லை. பப்பட்டியரில் மேல்வரி, கீழ்வரிக்கு எழுத்தளவை நாமாகச் சொல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாத அளவில் அச்சாகும். அளவைச் சொன்னதும் "பக்கம் 2 / 2" என்று வந்து நின்றது.

தொகையை எழுத்தில் போடும் இடம் எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்துக்கு ஆயத்தமான லைப்ரரிகள் நிறைய. எண்ணுக்கு ஒரு சொல் என்று கோத்துக்கொண்டே போகும். தமிழில் நூறுக்குப் பின்னால் ஏதாவது வந்தால் நூற்று, ஆயிரத்துக்குப் பின்னால் வந்தால் ஆயிரத்து, லட்சம் லட்சத்து. 1,25,340 என்றால் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து முந்நூற்று நாற்பது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் எந்த வரிசைக்கும் கட்டுப்படாதவை. கண்ணு ஒவ்வொரு சொல்லுக்கும் முடியும் வடிவம், தொடரும் வடிவம் என்று இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார். பில் போடும் பெண் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏனுங், முன்னூறுன்னு போட்டுருக்குது, முந்நூறுன்னுதானே எழுதோணும்?" என்றார். உடனே மாற்றினார்கள்.

பில்லின் அடியில் ஒரு கியூஆர் குறி. கடையின் யுபிஐ முகவரியோடு பில் தொகையும் அதற்குள் இருப்பதால், வாங்கியவர் ஸ்கேன் செய்தால் தொகை தானாக வந்துவிடும். ஒரு சைபர் கூடவோ குறையவோ தட்டிவிடும் பயம் இல்லை. சரக்கு என்பதால் மூன்று நகல்: வாங்குபவருக்கு, லாரிக்காரருக்கு, கடைக்கு. ஒரே எச்டிஎம்எல்லைத் தலைப்பு மட்டும் மாற்றி மூன்று முறை அச்சிட்டு ஒரே கோப்பாக்கிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் முதல் நகல் மட்டும் போகும்.

ஆங்கிலத்தில் ஒரு பக்க பில் போதும் என்பவர்களுக்கு ஜேஎஸ்பிடிஎஃப் தாராளம். ரூபாய்க் குறிக்கு ஓர் எழுத்துருவை ஏற்றிக்கொண்டால் சர்வர் செலவுகூட இல்லை. தமிழில் வேண்டும் என்றால் குரோம் வழியாகப் போவதுதான் இப்போதைக்கு நம்பிக்கையான வழி. பில்லிங் புரோகிராம் எழுதிக் கேட்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மாதிரி பில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பெயர் தமிழில், நாற்பது அயிட்டம், வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவர், பைசா பிசகும் விலையில் இரண்டு மூன்று சரக்கு என்று அதில் இருக்கட்டும். அந்த பிடிஎஃப்பில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும் தமிழ், சில ரீடர்களில் நகலெடுக்கும்போது கொம்பு இடம் மாறி வருவதுண்டு. கையோடு அந்த மாதிரியை உங்கள் ஆடிட்டரிடமும் காட்டிவிடுங்கள்.